திருப்பிப் போட்ட கல்

அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் காலையில் சோறு வடிப்பது என் வேலையாக இருந்தது. மற்றபடி சமையல் முழுக்க என் மனைவிதான். அரிசி களைவது, உலை வைப்பது, பதம் பார்ப்பது எல்லாம் அவள். கொதிக்கிற பானையை அடுப்பிலிருந்து இறக்கி, மூடியை அழுத்திப் பிடித்து, சாய்த்துக் கஞ்சியை வடிக்கிற அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் இரண்டு கை வேண்டும். அவளுடைய இடது கை பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தபோது தீயில் வெந்தது. புண் ஆறியது, ஆனால் தோல் இழுத்துக்கொண்டு, முழங்கை மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. அந்த விரல்கள் ஒரு வெங்காயத்தைப் பிடிக்கும். பானையைப் பிடிக்காது.

குக்கர் வாங்கிக்கொடுத்தேன். அதன் மூடியைத் திருகி இறுக்கவும் இரண்டு கை வேண்டும் என்பது வாங்கி வந்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அது பரண் மேல் போனது.

"பதமாயிருச்சு" என்பாள். சத்தமாகச் சொல்ல மாட்டாள். நான் பாதி சவரத்தில் இருந்தாலும், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாலும் போய் வடிப்பேன். பிறகு ரோட்டுக்கு வந்து சிவகாசி பஸ்ஸுக்கு நிற்பேன். அங்கே ஒரு காலண்டர் அச்சகத்தில் எனக்குச் சரிபார்க்கிற வேலை. மெஷினிலிருந்து வருகிற ஷீட்டில் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். சாமியின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு ஒரு மயிரிழை விலகினாலும் அந்தக் கட்டு கழிவுக்குப் போகும். நாள் முழுவதும் அதைப் பார்த்துவிட்டு வந்தால் வீட்டுச் சுவரில் விளக்கின் நிழல்கூட இரண்டாகத் தெரியும்.

சிக்கல் சீசனில்தான். ஆடி முடிந்ததும் ஆர்டர்கள் குவியும். ராத்திரி ஷிப்ட் தொடங்கிவிடும். காலையில் நான் வீடு திரும்புவதற்குள் சோறு குழைந்துவிடும். சீசன் முழுவதும் அவள் அடுத்த வீட்டு மதினியைக் கூப்பிட்டு வடித்துக்கொள்வாள். மதினி முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் ஒரு சீசன் முடிந்தபோது என் மனைவி சொன்னாள்:

"தெனமும் ஒருத்தி வாசல்ல போய் நின்னு கூப்பிட்டு வடிச்ச சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குதுங்க. அடுத்த சீசனுக்கு நான் ஒருத்தியே வடிக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவள் என்னிடம் எதையும் அப்படி நேராகக் கேட்டதில்லை. நான் யோசிக்கத் தொடங்கினேன்.

எனக்கு எதையும் எழுதி வைத்துத்தான் யோசிக்க வரும். பைண்டிங் பிசகிய டைரிகளை எங்கள் அச்சகத்தில் ஆட்களுக்கே கொடுத்துவிடுவார்கள். நான் எழுதுகிற டைரி ஒன்றில் மார்ச்சு இரண்டு முறை வரும், இன்னொன்றில் ஜூலையே இருக்காது. தேதியை நானே திருத்திக்கொள்வேன். அப்படி ஒரு டைரியில் எங்கள் சமையலறையை அளந்து வரைந்தேன். பானையைத் தூக்குவதுதான் அவளால் முடியாது. தள்ளுவதற்கு ஒரு கை போதும். அடுப்பின் தலையும் மேடையும் ஒரே மட்டத்தில் இருந்தால் பானையை அடுப்பிலிருந்து கல்லுக்கு இழுக்கலாம். கல் வழுவழுவென்று ஒரே துண்டாக இருந்தால் அதன்மேலேயே தள்ளிக்கொண்டு போகலாம். அந்தப் பக்கம் கழுவுகிற தொட்டியின் விளிம்பு மேலே துருத்தாமல், கல்லுக்கு அடியில் மாட்டியிருந்தால், கல்லின் ஓரத்தில் பானையை அப்படியே சாய்த்துவிடலாம். பானையின் எடை முழுவதும் கல்லில் இருக்கிறபோது, அந்த வளைந்த கை துணியை மடித்து வைத்து மூடியை அழுத்தினால் போதும். இடது கடைசியில் பள்ளத்தில் அடுப்பு, நடுவில் கல், வலது கடைசியில் தொட்டி. இவ்வளவுதான்.

வரைந்ததை அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "இந்தக் கல்லுல எங்கனயும் தட்டாதுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

கல் பதிக்கிற வேலைக்கு ஆமத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவரைப் பிடித்தேன். என்னைவிடச் சின்னவர், நிறையப் பேசுவார். நின்றுகொண்டே தூங்கக்கூடிய அளவுக்கு எப்போதும் களைத்திருப்பார். என் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஊர்ல எல்லாரும் அடுப்ப மேல தூக்கி வைக்காக. நீங்க குழி தோண்டி வைக்கச் சொல்றீக. சரி, ஒங்க அடுப்பு, ஒங்க குழி" என்றார்.

அவரும் நானும் சூலக்கரைப் பக்கம் இருந்த கல் யார்டுக்குப் போனோம். கிரானைட் பலகைகள் இரும்புச் சட்டத்தில் வரிசையாகச் சாய்ந்து நின்றன. படுக்க வைத்தால் தன் எடையிலேயே விரிசல் விட்டுவிடும் என்பதால் கல்லை எப்போதும் நிறுத்தித்தான் வைப்பார்கள், நிறுத்தித்தான் தூக்குவார்கள். ஒரு முகம் கண்ணாடி போலப் பாலிஷ் பண்ணியிருக்கும். மறு முகம் ரம்பம் ஓடிய வரிகளோடு சொரசொரவென்று கிடக்கும். அந்த முகத்தை யாரும் பார்ப்பதில்லை. சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளி விழுந்த ஒரு பலகைதான் எங்கள் நீளத்துக்கு ஒரே துண்டாக வரும் என்றார்கள். அதையே எடுத்துக்கொண்டோம்.

எங்கள் மனை ஒரு பக்கம் குறுகிப் போகிற மனை. அதனால் சமையலறையின் வலதுபக்கச் சுவர் கோணலாக ஓடும். டேப் வைத்து அளந்து எழுதிக்கொடுத்தால் சரிவராது, அச்சு எடுக்க வேண்டும் என்றார் கல் பதிக்கிறவர். அச்சு என்றால் அட்டையை அந்த இடத்தில் விரித்து, சுவர் எப்படிப் போகிறதோ அப்படியே வெட்டிக்கொள்வது. அதை யார்டில் கல்லின்மேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அறுப்பார்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் அட்டைக்கா பஞ்சம். அலமாரிக்கு அடியில் விரிக்க, விறகு மூட்டையை மறைக்க, விசிற, எல்லாவற்றுக்கும் அச்சகத்துக் கழிவு அட்டைதான். எங்கள் பரணில் வெட்டாத காலண்டர் அட்டை கிடந்தது. ஒரு பக்கம் வெறுமை. மறு பக்கம் செந்தாமரையில் உட்கார்ந்த லட்சுமி, அட்டைக்கு நான்கு. கல் பதிக்கிறவர் இரண்டு அட்டையை நீளவாக்கில் சேர்த்து ஒட்டி, வெறும் பக்கம் மேலே தெரிய, கீழே கட்டியிருந்த செங்கல் சுவர்மேல் விரித்தார். கோணலான சுவரை ஒட்டி வெட்டினார். 'முன்பக்கம்' என்று எழுதினார். கல்லின் கனம், கூர் தெரியாமல் முன் விளிம்பை மழுக்குகிற உருட்டு எல்லாம் எழுதினார். தொட்டி வருகிற இடத்தைக் கத்தியால் வெட்டி எடுக்கப் போனவர் நிறுத்தினார். "கீழ சாமி இருக்கு. கழுத்துல கத்தி போயிரும்" என்று சொல்லி, நான்கு மூலையிலும் ஆணியால் துளை மட்டும் போட்டு, பென்சிலால் கோடு இழுத்தார். கழிவு ஷீட்டை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் அச்சகத்திலும் உண்டு. அதே ஷீட்டைக் கூழாக்குகிற லாரியில் நாங்களேதான் ஏற்றுவோம். ஆனாலும் மிதிக்க மாட்டோம்.

அட்டையைச் சுருட்டாமல் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவர் யார்டுக்குக் கிளம்பினார்.

கல் வந்த அன்று நான் லீவு போட்டிருந்தேன். லோடு ஆட்டோவில் சாக்கு மெத்தையில் கல் நின்றுகொண்டு வந்தது. அறுத்தவரும் கூடவே வந்தார். பக்கத்து ஊர்க்காரர், முன்தலை வழுக்கை, புருவத்திலெல்லாம் கல்மாவு. தொட்டிக்கான ஓட்டை விழுந்த இடத்தில் கல் முன்னும் பின்னும் ஒல்லியாக நிற்கும், அங்கேதான் உடையும் என்பதால், மரச் சட்டம் வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நாலு பேர் கல்லை நிறுத்தியபடியே வாசல் வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். என் மனைவி ஒதுங்கிச் சுவரோடு நின்றாள்.

பளபளப்பான முகம் மேலே வரும்படி சாய்த்து, செங்கல் சுவர்மேல் இறக்கப் போகும்போதுதான் தெரிந்தது. தொட்டி ஓட்டை இடது பக்கம் இருந்தது, அடுப்புப் பள்ளத்தை ஒட்டி. கோணலாக வெட்டிய கடைசியும் இடது பக்கமே இருந்தது.

"சுத்திப் போடுப்பா, தலகீழா வந்துருக்கு" என்றார் பதிக்கிறவர்.

சுற்றிப் பிடித்தார்கள். ஓட்டை வலது பக்கம் போனது. ஆனால் உருட்டிய முன் விளிம்பு சுவர்ப் பக்கம் போய்விட்டது, கோணலும் எதிர்த் திசையில் சாய்ந்தது. மறுபடியும் பழையபடி பிடித்தார்கள். கல்லைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.

ஆட்டோவிலிருந்து அச்சு அட்டையை எடுத்து வந்து கல்லின்மேல் வைத்துப் பார்த்தோம். லட்சுமிகள் எங்களைப் பார்க்கும்படி வைத்தபோது ஒரு நூல்கூடப் பிசகாமல் பொருந்தியது. எழுத்து எங்களைப் பார்க்கும்படி வைத்தபோது எதுவும் பொருந்தவில்லை.

"ஏலே, நீ எந்தப் பக்கத்த மேல வச்சு அறுத்த?" என்றார் பதிக்கிறவர்.

"சாமிப் பக்கத்த."

"எழுதியிருக்கிறது இந்தப் பக்கம்லே! படிக்கலையா?"

"படிச்சிட்டுத்தாம்லே திருப்புனேன். அங்கன கல்லு மேல தண்ணி ஓடிக்கிட்டு இருக்கு, ஒரே சகதி. அந்தச் சகதியில லட்சுமியக் குப்புறப் போடச் சொல்றியா? நீ போடுவியா?"

அறுத்தவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்க போடுவீகளா?"

நானும் போட்டிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். வெறும் பெட்டி அட்டையாக இருந்திருந்தால் அது சரியாகவே அறுபட்டிருக்கும்.

"கத்தி படக் கூடாதுன்னு தொளை மட்டும் போட்டேன் பாரு, அது சாமிப் பக்கமும் தெரிஞ்சுது, அதான் ஒனக்கு வசதியாப் போச்சு" என்று பதிக்கிறவர் முனகினார். "வெட்டி எடுத்திருந்தாலாச்சும் சாமி தலை போயிருச்சேன்னு எனக்குப் போன் போட்டிருப்ப."

"எட்டு லட்சுமி ஒண்ணா வந்தா இப்படித்தான். வீடு தாங்காது" என்றாள் என் மனைவி. அவள் சிரிக்கவில்லை, ஆனால் அவர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு அவர்களுக்கே சங்கடமாகப் போய்விட்டது.

யார்டுக்குப் போன் போட்டார்கள். அதே நீளத்தில் ஒற்றைத் துண்டு இல்லை. அடுத்த லோடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, தீபாவளி தாண்டிக்கூடப் போகலாம். இரண்டு துண்டாக என்றால் நாளைக்கே தருகிறோம் என்றார்கள்.

"ரெண்டு துண்டாவே போட்டுருவோம்க்கா" என்றார் பதிக்கிறவர். "ஜாயின்ட் கண்ணுக்கே தெரியாது. கலர் பொடி கலந்து அடைச்சுத் தாரேன்."

"கண்ணுக்குத் தெரியாது. பானைக்குத் தெரியும்" என்றாள்.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே மூலையில் கிடந்த சோற்றுப் பானையைக் கொண்டுவந்து காட்டினாள். அலுமினியப் பானை, அடி நெளிந்து ஒரு பக்கம் உதடு போல மடங்கியிருந்தது. "இது கொதிக்கக் கொதிக்க வரும். நான் ஒரு கையால தள்ளிட்டு வரணும். நடுவுல ஒரு எடத்துல தட்டி நின்னுச்சுன்னா, பானை ஆடும். இன்னொரு கையால பிடிக்க முடியாது." இடது கையைச் சேலைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். அவள் வெளி ஆட்கள் முன்னால் அதை எடுக்கிற வழக்கம் இல்லை.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அறுத்தவர் மட்டும், "எந்தக் கம்பெனி அக்கா?" என்று கேட்டார். சொன்னாள். "எங்க சின்னம்மாவும் அங்கன தீயிலதான் போச்சு" என்றார்.

எல்லாரும் திண்டாடிக்கொண்டு நின்றோம். எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. உட்கார வேண்டும் போல இருந்தது. சீசன் தலைக்கு மேல் நின்றது. இந்த வருஷமும் மதினி வாசல்தான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது.

என் மனைவி அட்டையைக் கையில் எடுத்தாள். எழுத்துப் பக்கத்தைப் பார்த்தாள். திருப்பி லட்சுமிப் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். பிறகு கல்லின் பக்கம் தலையை அசைத்து, "இதத் திருப்புன மாதிரி அதையும் திருப்பிப் போட்டா?" என்றாள்.

"அது பின்பக்கம்க்கா" என்றார் பதிக்கிறவர். "பாலிஷ் கெடையாது. ரம்பக் கோடா இருக்கும். யாரும் போட மாட்டாக."

"கோடு போற மாதிரி தேய்க்க முடியாதா?"

"தேய்க்கலாம். ஆனா பளபளப்பு வராது. யார்டுல பெரிய மெஷின்ல பண்ணுற மாதிரி கைமெஷின்ல வராதுக்கா. மங்கலாத்தான் இருக்கும்."

"பளபளப்பு எதுக்கு? நான் மொகமா பார்க்கப் போறேன்? வழுக்குனாப் போதும்."

அறுத்தவர் ஏற்கெனவே குனிந்து கல்லின் பின்முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "முன் விளிம்பு உருட்டும் அடியில போயிரும். மேலயும் உருட்டணும். தொட்டி ஓட்டை ஓரமும் அப்படித்தான்" என்றார். பிறகு, தன்னிடமே சொல்வது போல, "நான் தேய்க்கேன்" என்றார்.

வாசலில் மணல் பரப்பி, அதன்மேல் கல்லைக் குப்புறக் கிடத்தினார்கள். கைமெஷினில் வட்டமான தேய்கல்லை மாட்டினார்கள். முதலில் கரடு. பிறகு அதைவிட மெல்லியது. பிறகு அதையும்விட மெல்லியது. ஒருவர் தேய்க்க, மற்றவர் தண்ணீர் ஊற்றினார். மூடியில் துளை போட்ட பாட்டிலிலிருந்து தண்ணீர் நூலாக விழுந்தது. சாம்பல் நிறக் குழம்பு கல்லின் நான்கு பக்கமும் வழிந்து மணலில் இறங்கியது. வடித்த கஞ்சி போலவே இருந்தது. மெஷின் சத்தத்தில் தெருவில் யார் பேசுவதும் கேட்கவில்லை. மதினி வாசலுக்கு வந்து, காதைப் பொத்திக்கொண்டு, "என்ன, வீட்டையே அறுக்கீகளா?" என்று கத்திவிட்டுப் போனாள்.

தோள் விட்டுப்போனதும் ஆள் மாற்றிக்கொண்டார்கள். மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மெஷின் அதிர்வு விடாமல் இருவர் விரலிலிருந்தும் சோற்றுப் பருக்கை சிதறியது. அன்றைக்கு அந்தச் சோற்றை வடித்தது நான்தான். பதிக்கிறவர் கை கழுவிக்கொண்டே அதைப் பார்த்திருந்தார்.

வெயில் தாழ்ந்தபோது கல்லைத் துடைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்கள். அவள் ஈரம் காயும்வரை காத்திருந்து, குனிந்து வலது உள்ளங்கையால் ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை தடவிக்கொண்டே நடந்தாள். தொட்டி ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். "இங்கன ஒரு மேடு இருக்கு" என்றாள்.

அறுத்தவர் தன் கையால் தடவினார். அவருக்கு அகப்படவில்லை. நானும் தடவினேன், லென்ஸ் பிடிக்கிற விரல்கள் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. எனக்கும் அகப்படவில்லை. "பானையக் கொண்டாந்து தள்ளிப் பாத்துருவோம்" என்றார் பதிக்கிறவர்.

பானை நிறையத் தண்ணீர் பிடித்து வந்து கல்லில் வைத்தோம். அவள் தரையில் மண்டியிட்டு ஒரு கையால் தள்ளினாள். கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு போனது. அவள் சொன்ன இடத்துக்கு வந்ததும் பானையின் நெளிந்த அடி ஒருமுறை துள்ளி, தண்ணீர் தளும்பி மணலில் விழுந்தது.

மறுபடி மெஷினை எடுத்தார்கள். இரண்டாம் முறை தள்ளியபோது பானை நிற்காமல் போனது. சத்தம் மட்டும் இருந்தது.

மறுநாள் கல்லை உள்ளே கொண்டுபோய், கலவைப் படுக்கையில் இறக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தண்ணீர் ஓடுவதற்காகத் தொட்டிப் பக்கம் ஒரு நூல் வாட்டம் கொடுத்துப் பதித்தார்கள். தொட்டியை அடியிலிருந்து மாட்டினார்கள். அடுப்பைப் பள்ளத்தில் இறக்கியபோது அதன் தலை கல்லோடு சமமாக வந்தது. அது என் அளவு, அதில் எனக்குக் கொஞ்சம் திருப்திதான். அச்சு அட்டையை என்ன செய்வது என்று பதிக்கிறவர் கேட்டார். எரிக்க மனசு வரவில்லை, பரணிலேயே குக்கருக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டோம், படம் மேலே தெரிய.

எங்கள் அடுக்களைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, "இன்னும் பாலிஷ் போடலையா?" என்று கேட்டார்கள். மதினி நேராகவே, "ஏமாத்திட்டானுக" என்றாள்.

கலவை இறுகுவதற்குச் சொன்ன கெடு முடிந்ததும் ஒரு காலையில் வழக்கம்போலக் குரலுக்குக் காத்துக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தேன். குரல் வரவில்லை. கரகர என்று அந்தச் சத்தம் வந்தது. பிறகு தண்ணீர் விழுவது போல ஒரு சத்தம். சோப்பு நுரையோடு போய் எட்டிப் பார்த்தேன். பானை தொட்டி விளிம்பில் சாய்ந்திருந்தது. அவளுடைய வளைந்த கை மடித்த துணியோடு மூடியின்மேல் இருந்தது. ஆவி முகத்தில் அடித்ததால் கண்ணை மூடியிருந்தாள்.

"போய் மொகத்தக் கழுவுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அந்த நேரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பஸ் வருவதற்கு வெகுமுன்பே போய் ரோட்டில் நின்றேன்.

பளபளப்பு இல்லாத கல் கறையை வாங்கிக்கொள்கிறது. பானையின் அலுமினியம் உரசி உரசி, அடுப்பிலிருந்து தொட்டிவரை சாம்பல் நிறத்தில் ஒரு தடம் விழத் தொடங்கியது. எனக்கு அது கண்ணை உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், கொஞ்சம் மங்கியது. "அத விடுங்க. நாளைக்கு மறுபடி விழும்" என்றாள்.

சீசன் தொடங்கியது. ராத்திரி முழுக்க லட்சுமியையும் முருகனையும் லென்ஸில் பார்த்துவிட்டு, முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "சோறு சூடா இருக்கு, போட்டுச் சாப்பிட்டுப் படுங்க" என்றாள். உள்ளே போனேன். பானை வடிந்து முடிந்து தொட்டி ஓரத்தில் நிமிர்ந்து இருந்தது. கல்லில் தடம் இன்னும் ஈரமாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றபடி போட்டுச் சாப்பிட்டேன்.